தாயக்கட்டையிலும் இருக்கு கணக்கு! பிள்ளைகளே விளையாட்டு செய்யட்டும்



மயிலாப்பூர், மந்தைவெளி, அடையாறு, தி.நகர் பகுதிக் குழுக்களில் உள்கடன் எதற்காகக் கேட்கிறோம்? மருத்துவச் செலவு, வீட்டு அட்வான்ஸ், பள்ளிக் கட்டணம், பூக்கடை முதலீடு. இந்த வரிசையில் இப்போது புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது. "பையனை கோடிங் கிளாஸ்ல சேர்க்கணும்", "பொண்ணு ரோபோ கிளாஸ் கேக்குறா" என்று சொல்லி வருகிற கடன் இது.

இந்த ஆசையில் தப்பு ஒன்றும் இல்லை. நம்மில் பலர் வேலைக்குப் போகிற வீடுகளில் அந்த வீட்டுப் பிள்ளைகள் இந்த வகுப்புகளுக்குப் போவதைப் பார்க்கிறோம். நம்ம பிள்ளை மட்டும் பின்தங்கிடக் கூடாதே என்று மனசு அடித்துக்கொள்கிறது. அது தாய் மனசு.

ஆனால் குழுப் பணம் என்று வந்தால் கணக்கும் பார்க்க வேண்டும். எடுத்துக்காட்டாக 20,000 ரூபாய் கடன், நூற்றுக்கு மாதம் 2 ரூபாய் வட்டி, மாதம் 2,000 அசல் வீதம் 10 மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். முதல் மாதம் வட்டி 400, அடுத்த மாதம் 360 என்று குறைந்து வந்தாலும் மொத்த வட்டி 2,200 ரூபாய். ஆக 22,200 ரூபாய். இவ்வளவு கொடுத்து வாங்குகிற பொருள் என்ன, அதில் எவ்வளவு நம் கையிலேயே இருக்கிறது என்று தெரிந்துகொண்டு கையெழுத்துப் போடுவதுதான் நல்லது. அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

எதிர்காலத் திறன் என்றால் என்ன?

"ஆறு வயசுலேயே கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதலேன்னா எதிர்காலமே இல்ல" என்கிற மாதிரி விளம்பரங்கள் 2020-ஆம் ஆண்டு கொரோனா காலத்தில் நிறைய வந்தன. அப்படி விளம்பரம் செய்த ஒரு பெரிய நிறுவனத்தின் மீது புகார்கள் எழுந்தன. இந்திய விளம்பரத் தர நிர்ணய கவுன்சில் தலையிட்ட பிறகு, தன் விளம்பரங்களில் ஐந்தைத் திரும்பப் பெற அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. விளம்பரம் சொல்வது எல்லாம் வேதம் இல்லை என்பதற்கு இது ஒரு சான்று.

சரி, வேலை கொடுப்பவர்கள் உண்மையில் என்ன கேட்கிறார்கள்? உலகப் பொருளாதார மன்றம் பல நாட்டு நிறுவனங்களைக் கேட்டு அறிக்கை வெளியிடுகிறது. 2023, 2025 ஆகிய இரண்டு அறிக்கைகளிலும் முதலிடம் பிடித்த திறன், ஒரு விஷயத்தைப் பகுத்து ஆராய்ந்து பார்ப்பது. புதிதாக யோசிப்பது, தோற்றாலும் மீண்டும் முயல்வது, மற்றவர்களோடு சேர்ந்து வேலை செய்வது போன்றவையும் அந்தப் பட்டியலில் உண்டு. கம்ப்யூட்டர் அறிவும் வேண்டும்தான். ஆனால் கம்ப்யூட்டரும் மொபைலும் சில வருஷத்துக்கு ஒருமுறை மாறிப்போகும். ஆராய்ந்து பார்க்கிற புத்தி மாறாது.

இந்தப் புத்தி வளர, பிள்ளை ஒரு விளையாட்டை விளையாடினால் மட்டும் போதாது. ஒரு விளையாட்டைத் தானே உருவாக்க வேண்டும். விதி எழுத வேண்டும், அட்டையை வெட்ட வேண்டும், ஆடிப் பார்க்க வேண்டும், சரியில்லை என்றால் மாற்ற வேண்டும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இருந்த சீமோர் பேப்பர்ட் என்ற அறிஞர் இதைப் பல ஆண்டுகள் சொல்லி வந்தார். ஒரு பொருளைத் தன் கையால் உருவாக்கும்போதுதான் பிள்ளை நன்றாகக் கற்கிறது என்பது அவர் கருத்து. அதே எம்.ஐ.டி.யில் இருந்துதான் 2007-ல் 'ஸ்கிராட்ச்' என்ற மென்பொருள் வந்தது. பிள்ளைகள் தாங்களே கம்ப்யூட்டர் விளையாட்டு உருவாக்க உதவுகிற மென்பொருள் அது. அன்றும் இன்றும் இலவசம்.

நம்ம ஊரில் இது புதுசா?

இல்லை. 2003-ல் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த திரு. எம்.பி. விஜயகுமார் காலத்தில் 13 மாநகராட்சிப் பள்ளிகளில் 'செயல்வழிக் கற்றல்' தொடங்கியது. பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்தார்கள். டீச்சரும் கூடவே தரையில் உட்கார்ந்தார். படம் போட்ட அட்டைகளை எடுத்து, 'ஏணி' என்ற அட்டவணையில் தன் இடம் எது என்று பார்த்து, பிள்ளை தன் வேகத்தில் படி ஏறியது. பிறகு மற்ற மாநகராட்சிப் பள்ளிகளுக்கும், 2007-08-ல் மாநிலம் முழுவதும் அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் இது பரவியது. நம் இளம் உறுப்பினர்கள் சிலர் அப்படிப் படித்தவர்களாகவே இருப்பார்கள். விளையாட்டு மாதிரி இருந்தாலும் அது படிப்புதான் என்று அவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

விளையாட்டுச் சாமான்களும் நமக்குப் புதிதல்ல. சிவகங்கை மாவட்டம் கீழடி அகழாய்வில் பகடைக்காயும், ஆட்டக்காய்களும், சுடுமண் சில்லுகளும் கிடைத்துள்ளன. நம் ஊர் பரமபதம் இங்கிலாந்துக்குப் போய் 'ஸ்நேக்ஸ் அண்ட் லேடர்ஸ்' ஆனது. பச்சிசி என்ற இந்திய ஆட்டம் 1896-ல் அங்கே 'லூடோ' என்ற பெயரில் காப்புரிமை பெற்றது. நாம் இப்போது அதையே கடையில் காசு கொடுத்து வாங்குகிறோம்!

சென்னையிலேயே 2002-ல் திருமதி வினிதா சித்தார்த்தா 'க்ரீடா' என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். பாட்டிமார் ஆடிய பல்லாங்குழி, தாயம், ஆடுபுலி ஆட்டம் போன்றவற்றைத் தேடித் தொகுத்து, இன்றைய பிள்ளைகள் ஆடும்படி திரும்பக் கொண்டுவந்தார்கள்.

இன்னொரு செய்தி நமக்குப் பெருமை தருவது. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, பின்னாளில் சென்னை ஐ.ஐ.டி.யில் கணினிப் பேராசிரியராக இருந்த கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974-ல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள். பொருள், கம்ப்யூட்டர் இலக்கணமும் கோலமும்! புள்ளி வைத்து, ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்து, சின்னக் கோலத்தைப் பெரிய கோலமாக வளர்க்கிறோமே, அந்த முறையைக் கம்ப்யூட்டருக்குப் புரியும் விதிகளாக எழுதலாம் என்று காட்டினார்கள். விடியற்காலையில் வாசலில் நாம் செய்வதும் கணினி அறிவியலுக்குப் பாடம்தான்.

தாயக்கட்டையில் ஒரு பாடம்

இனி ஒரு சோதனை. இன்றைக்கே வீட்டில் செய்யலாம்.

இரண்டு பித்தளைத் தாயக்கட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கட்டைக்கும் நான்கு பக்கம். ஒன்று வெறுமை, மற்றவற்றில் 1, 2, 3 புள்ளிகள். இரண்டையும் உருட்டினால் 4 பெருக்கல் 4, மொத்தம் 16 விதமாக விழலாம். எது எத்தனை விதமாக விழும் என்று பிள்ளையை எழுதச் சொல்லுங்கள். இப்படி வரும்:

தாயம் (1) – 2 விதம்
இரண்டு – 3 விதம்
மூன்று – 4 விதம்
நான்கு – 3 விதம்
ஐந்து – 2 விதம்
ஆறு – 1 விதம்
பன்னிரண்டு (இரண்டும் வெறுமை) – 1 விதம்

இப்போது கேளுங்கள்: "1, 5, 6, 12 விழுந்தா மட்டும் ஏன் இன்னொரு ஆட்டம் தர்றோம்?" பட்டியலைப் பாருங்கள். 2, 3, 4 மூன்றும் சேர்ந்து 10 விதம். 1, 5, 6, 12 நான்கும் சேர்ந்தே 6 விதம்தான். அடிக்கடி விழாததற்குப் பரிசு! பள்ளிக்கூடம் போகாத நம் பாட்டிமார் ஆடி வந்த விதிக்குள் எவ்வளவு கணக்கு இருக்கிறது பாருங்கள். பெரிய வகுப்பில் 'நிகழ்தகவு' என்று வந்து பிள்ளைகளைப் பயமுறுத்துகிற பாடம் இதுதான்.

பிறகு கட்டையை 80 முறை உருட்டி, எத்தனை முறை தாயம் விழுந்தது என்று கோடு போட்டு எண்ணட்டும். 16-ல் 2 என்றால் 80-ல் சுமார் 10. சரியாகப் பத்தே விழாது. ஏழும் விழலாம், பதின்மூன்றும் விழலாம். "ஏன்மா சரியா வரல?" என்று பிள்ளை கேட்டால் சந்தோஷப்படுங்கள். அந்தக் கேள்விதான் படிப்பு.

தாயக்கட்டை இல்லையா? புளியங்கொட்டையின் ஒரு பக்கத்தைத் தரையில் தேய்த்து வெள்ளையாக்குங்கள். வெள்ளையும் கருப்பும் சமமாக விழுகிறதா? 50 முறை போட்டுப் பார்க்கட்டும். அதிகம் தேய்த்த கொட்டை வேறு மாதிரி விழுகிறதா? சந்தேகப்படுவது, சோதிப்பது, எழுதி வைப்பது. விஞ்ஞானிகளும் இதைத்தான் செய்கிறார்கள்.

நான்கு ஞாயிற்றுக்கிழமை

தெருவில் உள்ள ஐந்தாறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, வாரம் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கினால் போதும். தி.நகர் கடைகளில் மிஞ்சும் அட்டைப் பெட்டி, தையல் வேலை செய்யும் உறுப்பினர்களிடம் மிஞ்சும் துணி, பழைய பொத்தான், புளியங்கொட்டை, பசை, ஸ்கெட்ச் பேனா. செலவு அவ்வளவுதான். கத்தரிக்கோல், கத்தி வேலைக்குப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

முதல் வாரம்: ஆடுவது. பல்லாங்குழி, ஆடுபுலி ஆட்டம் எதுவானாலும் சரி. ஆடி முடித்ததும் விதிகளை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். "கை காலியானா அடுத்த குழியில எடுக்கணும். அடுத்த குழி காலியா இருந்தா துடைச்சிட்டு அதுக்கு அடுத்த குழியில இருக்கிறது நமக்கு. ஒரு குழியில நாலு சேர்ந்தா பசு, அந்தக் குழிக்குச் சொந்தக்காரர் எடுத்துக்கலாம்." இப்படி 'இது நடந்தால் அது செய்' என்று வரிசையாக எழுதுவதுதான் கம்ப்யூட்டர் புரோகிராமின் அடிப்படை.

இரண்டாம் வாரம்: ஒரு விதியை மாற்றுவது. ஆடுபுலி ஆட்டத்தில் 3 புலி, 15 ஆடு. புலியை நான்காக்கினால் என்ன ஆகும்? ஆட்டை 12 ஆக்கினால்? ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஐந்து ஆட்டம் ஆடி, யார் எத்தனை முறை ஜெயித்தார்கள் என்று எழுதட்டும். ஒரே நேரத்தில் இரண்டு விதியை மாற்ற விடாதீர்கள். அப்புறம் எதனால் மாறியது என்று தெரியாது.

மூன்றாம் வாரம்: சொந்த விளையாட்டு. பிள்ளைகளுக்குத் தெரிந்த விஷயமாக இருக்கட்டும். ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறோம். 2015 டிசம்பரில் அடையாறு ஆற்று வெள்ளம் கோட்டூர்புரம், சைதாப்பேட்டைப் பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்க முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையும் பார்த்தோம். அதையே விளையாட்டாக்கலாம்.

அட்டையில் 20 கட்டம். கீழே வீடு, மேலே பள்ளிக்கூடம். வீட்டில் ஐந்து பொருள்: ரேஷன் கார்டு, ஆதார், வங்கிப் பாஸ்புக், மாத்திரை, பாடப் புத்தகம். ஒரு பொருளை எடுக்க ஒரு ஆட்டம் செலவாகும். நகர்வதற்கு லூடோ பகடை. முதல் மூன்று சுற்று தண்ணீர் வராது. அதற்குப் பிறகு சுற்றுக்கு மூன்று கட்டம் ஏறும். தண்ணீர் தொட்டால் அவுட்.

ஆடிப் பாருங்கள். ஒன்றிரண்டு பொருளை மட்டும் எடுத்தவர் பெரும்பாலும் தப்பிப்பார். ஐந்தையும் எடுக்க நினைத்தவரைத் தண்ணீர் பிடித்துவிடும். "இது அநியாயம்!" என்று பிள்ளைகள் கத்துவார்கள். நீங்கள் பதில் சொல்லாதீர்கள். "அப்ப எந்த விதிய மாத்தலாம்?" என்று மட்டும் கேளுங்கள். ஒருவர் தண்ணீரின் வேகத்தைக் குறைக்கச் சொல்வார். இன்னொருவர் கட்டத்தைக் குறைக்கச் சொல்வார். யாராவது ஒரு பிள்ளை, "முன்னாடியே எல்லாத்தையும் ஒரு கவர்ல போட்டு வச்சிருந்தா ஒரே தடவையில எடுத்துக்கலாமே!" என்று சொல்லக்கூடும். யாரும் சொல்லாவிட்டால், நிஜ வெள்ளத்தில் அந்த வீட்டம்மா என்ன செய்திருக்கலாம் என்று கேளுங்கள். அதையும் விதியாக்குங்கள். ஆட்டம் தொடங்கும்போது சீட்டு எடுக்க வேண்டும். 'பை தயார்' என்ற சீட்டு வந்தவர் ஐந்தையும் ஒரே ஆட்டத்தில் எடுக்கலாம்.

அந்தப் பிள்ளை அன்றைக்கு ராத்திரி வீட்டுக்குப் போய், "அம்மா, நம்ம ரேஷன் கார்டு எங்க இருக்கு?" என்று கேட்கும். ஆயிரம் ரூபாய் வகுப்பானாலும் இலவச வகுப்பானாலும், படிப்பு வீடு வந்து சேர்ந்ததா என்று இப்படித்தான் தெரியும்.

நான்காம் வாரம்: மற்றவர் கையில் கொடுப்பது. விதிகளை ஒரு தாளில் எழுதி, விளையாட்டோடு சேர்த்து அடுத்த தெருப் பிள்ளைகளிடம் கொடுங்கள். உருவாக்கியவர்கள் வாயே திறக்கக் கூடாது. அவர்கள் தப்பாக ஆடினால் விதி சரியாக எழுதப்படவில்லை என்று பொருள். திருத்தி எழுத வேண்டும். தெளிவாக எழுதுவதும், குறை சொன்னால் கோபப்படாமல் கேட்பதும் இதில் வந்துவிடும்.

அம்மாக்கள் கவனத்துக்கு

* "எனக்குப் படிப்பு வராது, நான் எப்படிச் சொல்லித் தர?" என்று தயங்க வேண்டாம். அளவெடுத்துத் துணி வெட்டுபவர், புள்ளிக் கோலம் போடுபவர், பூ அளந்து விற்பவர், குழுக் கணக்கு எழுதும் ஊக்குநர் எல்லாருமே ஆசிரியர்கள்தான்.

* விடையை நாமே சொல்லிவிடக் கூடாது. பிள்ளை திணறும் ஐந்து நிமிஷம் பொறுத்துக்கொள்வதுதான் நமக்குக் கஷ்டமான வேலை.

* பெண் பிள்ளையைப் பாத்திரம் தேய்க்க அனுப்பிவிட்டு ஆண் பிள்ளையை மட்டும் உட்கார வைக்காதீர்கள். விதி எழுதும் வேலையை ஒருமுறை அவளிடம் கொடுத்துப் பாருங்கள்.

* தாயம், பல்லாங்குழி எதிலும் காசு வைத்து ஆடக் கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

காசு இல்லாமல் எங்கே போகலாம்?

கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010-ல் திறக்கப்பட்டது. நுழைவுக் கட்டணம் இல்லை. குழந்தைகளுக்கென்று தனிப் பகுதியே இருக்கிறது. அங்கிருந்து பக்கத்தில்தான் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையமும் 1988-ல் தொடங்கிய பிர்லா கோளரங்கமும். அங்கே டிக்கெட் உண்டு. தொட்டுப் பார்த்து, இயக்கிப் பார்த்துக் கற்கும் மாதிரிகள் இருப்பதால் ஒருமுறையாவது கூட்டிப்போங்கள்.

பிள்ளையின் பள்ளியிலும் கேளுங்கள். அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை அறிவியல், கணக்குச் செயல்பாடுகளுக்காக 'வானவில் மன்றம்' 2022 நவம்பர் 28-ல் தொடங்கப்பட்டது. மத்திய அரசு 2016-ல் தொடங்கிய திட்டத்தில், தேர்வான பள்ளிகளில் 6 முதல் 12-ஆம் வகுப்புப் பிள்ளைகளுக்கு 'அடல் டிங்கரிங் லேப்' என்ற செய்முறைக் கூடம் இருக்கிறது. "நம்ம பள்ளியில இது இருக்கா? எங்க பிள்ளைங்களுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் கிடைக்குது?" என்று பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் கேட்பது நம் உரிமை. நம் உறுப்பினர்கள் பலர் அந்தக் குழுவில் இருக்கிறார்கள். வாய் திறந்து கேட்க வேண்டும்.

குப்பையில் போகும் பொருளை வைத்து அறிவியல் பொம்மை செய்யும் முறைகளை 2018-ல் பத்மஸ்ரீ பெற்ற திரு. அர்விந்த் குப்தா தன் இணையதளத்தில் இலவசமாகத் தந்திருக்கிறார். தீக்குச்சி, சைக்கிள் வால்வ் டியூப், பழைய செய்தித்தாள் இவையே அவருடைய சாமான்கள். படத்தைப் பார்த்தே செய்யலாம்.

கடனுக்கு முன் நான்கு கேள்வி

அப்படியென்றால் கட்டண வகுப்பே வேண்டாமா என்றால், அப்படிச் சொல்லவில்லை. ஆர்வமும் வயதும் வந்த பிள்ளைக்கு நல்ல ஆசிரியர் கிடைத்தால் சேர்க்கலாம். ஆனால் கடன் கேட்டு வரும் சகோதரியிடம் குழு அன்பாக நான்கு கேள்வி கேட்கட்டும்.

1. வகுப்பு முடிந்ததும் பிள்ளை தானாக எதை உருவாக்கிக் காட்டும்? சான்றிதழ் மட்டும்தானா?
2. ஒரு வகுப்பை இலவசமாக உட்கார்ந்து பார்க்க விடுகிறார்களா?
3. பாதியில் நிறுத்தினால் பணம் திரும்பக் கிடைக்குமா? எழுத்தில் தருகிறார்களா?
4. தவணைக்காக வேறு நிதி நிறுவனத்தின் கடன் தாளில் கையெழுத்து வாங்குகிறார்களா?

நான்காவது கேள்வி ரொம்ப முக்கியம். 'மாதத் தவணை' என்று சொல்லி நீட்டும் தாள் சில நேரம் கடன் பத்திரமாகவே இருக்கும். பிள்ளை வகுப்பை நிறுத்தினாலும் தவணை நிற்காது. படித்துப் பார்க்காமல், படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்தப் பக்கத்தை ஒருவர் படிக்க, மற்றவர்கள் பேசுங்கள். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு உறுப்பினர் வீட்டு மொட்டைமாடி, பத்துப் பிள்ளைகள், ஒரு அட்டைப் பெட்டி என்று தீர்மான நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். பிள்ளைகள் செய்யும் விளையாட்டுகளைக் கூட்டமைப்பு மாதாந்திரக் கூட்டத்துக்குக் கொண்டு வாருங்கள். முதலில் நாம ஆடித் தோற்போம். அப்புறம் அவர்கள் விதியை விளக்கட்டும்!